தலைச்சுற்றும் தள்ளாட்டமும்: கைரோபிராக்டரை நாடும் முன் முதியோர் அறிய வேண்டியவை

அவுஸ்திரேலியாவில் 65 வயதைக் கடந்து தம் இல்லங்களில் வாழ்வோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு முறையாவது விழுகின்றார். அவ்வாறு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோருள் பலர் அதன் பின் முன்போல் தனித்து நடமாட இயலாத நிலையை அடைகின்றனர். ஆகவே தலைச்சுற்றையும் நடைத் தள்ளாட்டத்தையும் "வயது போனால் வருவதுதானே" என்று ஒதுக்கிவிடுதல் தகாது.

இவ்வுபாதைக்குக் கழுத்தே காரணம் எனக் கருதிக் கைரோபிராக்டரை நாடுவோர் உளர். தெரிந்தவர் ஒருவருக்கு முதுகுவலி குணமானதைக் கேட்டோ, கடைத்தெருவில் உள்ள நிலையத்தின் விளம்பரத்தைக் கண்டோ அவர்கள் செல்கின்றனர். கைரோபிராக்டிக் இந்நாட்டில் சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட ஒரு தொழில். அதனை நாடுவது ஒருவரின் சொந்தத் தெரிவு. ஆயினும் தலைச்சுற்று என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. காரணம் இன்னதென அறியாமல் கழுத்துக்குச் சிகிச்சை பெற்றால் அது பயனற்றுப் போகலாம். சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம். முதலில் யாரை நாடுவது, என்னென்ன கேட்பது, செலவு எவ்வளவு, நோயாளரின் உரிமைகள் எவை என்பவற்றை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாழும் தமிழ் மக்களுக்காக இக்கட்டுரை விளக்குகின்றது.

உடனடியாக 000 அழைக்க வேண்டிய நிலை

தலைச்சுற்று திடீரெனத் தோன்றி, அதனுடன் பின்வருவனவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டால் எவரையும் கலந்தாலோசிக்கக் காத்திராமல் 000 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும்:

• முகத்தின் ஒரு பக்கம் தொங்குதல், கையோ காலோ வலுவிழத்தல் அல்லது மரத்துப் போதல்
• பேச்சுக் குழறுதல், விழுங்க இயலாமை, பார்வை இரட்டையாகத் தெரிதல்
• முன்னெப்போதும் இல்லாத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவிழத்தல்
• தாங்கலின்றி எழுந்து நிற்கவோ நடக்கவோ முடியாமை

இவை பாரிசவாதத்தின், அதாவது பக்கவாதத்தின், அல்லது இருதய நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆங்கிலம் அறியாதோர் தொலைபேசியில் "அம்புலன்ஸ்" என்றும் "தமிழ்" என்றும் கூறினால் உரைபெயர்ப்பாளர் ஒருவர் இணைக்கப்படுவார். நியூ சவுத் வேல்ஸில் அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் உண்டு. ஓய்வூதியச் சலுகை அட்டை உடையோர் அதிலிருந்து விலக்குப் பெற்றுள்ளனர். வருகையாளர் விசாவில் பிள்ளைகளிடம் வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்குப் பின்னர் கட்டணச் சீட்டு வரக்கூடும். அந்த அச்சத்தினால் அழைப்பைத் தாமதப்படுத்தலாகாது.

"மயக்கம்" என்ற சொல்லினால் நேரும் குழப்பம்

தமிழில் "மயக்கமாக இருக்கின்றது" என்று ஒருவர் கூறினால் அது பல பொருள்படும். அறை சுழல்வது போன்ற உணர்வு, எழுந்தவுடன் கண் இருட்டுதல், நினைவிழந்து விழுதல், உறக்கச் சோர்வு, குமட்டல் ஆகிய அனைத்திற்கும் அச்சொல் வழங்குகின்றது. வேறு சிலர் "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று கூறி அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். மருத்துவருக்கோ இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயைச் சுட்டும். உரைபெயர்ப்பாளர் ஒரு சொல்லை ஒரு சொல்லாக மாற்றித் தரும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடக்கூடும்.

ஆதலால் மருத்துவரிடம் செல்லும் முன் பின்வரும் விபரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று: சுற்றியிருப்பவை சுழல்கின்றனவா, அல்லது தலை பாரமற்றது போலத் தோன்றுகின்றதா, அல்லது தலையில் ஒன்றுமில்லாமல் கால் மட்டும் தள்ளாடுகின்றதா? எத்தனை விநாடி அல்லது நிமிடம் நீடிக்கின்றது? படுக்கையில் புரளும்போதா, எழுந்து நிற்கும்போதா, நடக்கும்போதா வருகின்றது? காதில் இரைச்சலோ செவிட்டுத்தன்மையோ உண்டா? அண்மையில் மருந்து மாற்றப்பட்டதா? விரதம் இருந்த நாளா? இறுதியாக விழுந்தது எப்போது?

பேரப்பிள்ளைகளையோ பிள்ளைகளையோ உரைபெயர்க்கச் செய்தல் வழக்கமாக இருப்பினும் அது உகந்ததன்று. விழுந்ததையும், சிறுநீர் கட்டுப்படாமற் போவதையும், உறக்க மாத்திரை உட்கொள்வதையும் பெற்றோர் தம் பிள்ளைகள் முன்னிலையில் கூறத் தயங்குவர். தனியார் மருத்துவ நிலையங்களில் பணிபுரியும் மருத்துவர்கள், மெடிகெயாரின் கீழ் வரும் சேவைகளுக்கு, மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையைக் கட்டணமின்றிப் பெறலாம். நேரம் பதியும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோருதல் வேண்டும்.

பெரும்பாலும் காணப்படும் காரணங்கள்

படுக்கையில் ஒரு பக்கம் புரண்டவுடன் அறை முழுவதும் சுழன்று, ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுகின்றதாயின் அதற்குரிய காரணம் பெரும்பாலும் உட்காதில் உள்ளது. உட்காதில் இயல்பாக ஒட்டியிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து, சமநிலையை உணர்த்தும் அரைவட்டக் குழாய்களுக்குள் புகுந்துவிடுகின்றன. தலை அசையும்போது அவையும் நகர்ந்து, உடல் சுழல்கின்றது என்ற பொய்ச் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. கழுத்தெலும்புக்கு இதில் பங்கில்லை. எக்ஸ்ரே படத்தில் இப்படிகங்கள் தெரிவதுமில்லை. மருத்துவர் நோயாளரை விரைவாகப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்களின் துடிப்பை நோக்கி இதனைக் கண்டறிவார். பின்னர் தலையையும் உடலையும் குறித்த ஒழுங்கில் மெதுவாகத் திருப்பிப் படிகங்களை உரிய இடத்துக்குத் திரும்பச் செய்வார். அமெரிக்க மருத்துவர் ஜோன் எப்லி வகுத்தமையால் இது எப்லி முறை எனப்படுகின்றது. பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் கிடைக்கின்றது; சிலருக்குக் காலம் கழித்து மீண்டும் வருவதுண்டு.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகின்றதாயின் இரத்த அழுத்தத்தை ஆராய்தல் வேண்டும். படுத்திருக்கையில் ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்திற்குள் மீண்டும் ஓரிரு முறையும் அளக்கும்போது, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது குறிப்பிடத்தக்க வீழ்ச்சியாகும். இரத்த அழுத்த மருந்து, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, உறக்க மாத்திரை, மன அழுத்தத்திற்கான மருந்து, கோடையில் நீர் போதாமை முதலியன இதற்கு ஏதுவாகும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ பெறுவோர் விரதம் இருக்கும் நாட்களில் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து தலைசுற்றி விழவும் கூடும். விரதத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்நாட்களில் மருந்தை எவ்வாறு மாற்றுவது என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். எவரும் தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

தலையில் சுழற்சி ஏதுமின்றிக் கால் மட்டும் தள்ளாடுவோருக்கு, நீண்டகால நீரிழிவினால் பாதத்தின் உணர்வு நரம்புகள் பழுதடைந்திருக்கலாம். பல்லாண்டுகளாகச் சைவ உணவு மட்டும் உண்போருக்கு வைட்டமின் பி12 குறைந்து அதே விளைவு ஏற்படலாம். இதனை ஓர் இரத்தப் பரிசோதனையில் அறியலாம். கண்புரை, இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, இரத்தச்சோகை, உட்காது நரம்பின் அழற்சி ஆகியனவும் மருத்துவர் ஆராய வேண்டியவையே.

கழுத்தின் மூட்டுகளிலிருந்து எழும் தலைச்சுற்றும் உண்டு. கழுத்து வலியும் இறுக்கமும் உடன் இருக்கும். கழுத்தை அசைக்கும்போது அது கூடும். எனினும் மேற்கூறிய ஏனைய காரணங்கள் இல்லையென உறுதியான பின்னரே இம்முடிவுக்கு வருதல் முறை.

கைரோபிராக்டர் என்ன செய்வார்?

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தோன்றியது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் விரைவாக உந்தியும் சீர்செய்தல் அதன் முதன்மை முறையாகும். அப்போது "சொடக்" என்ற ஒலி எழுவதுண்டு. தேகப்பயிற்சி கற்பித்தல், தசைகளைத் தளர்த்துதல் ஆகியவற்றையும் இத்தொழிலினர் செய்கின்றனர். எப்லி முறையிலும் சமநிலைப் பயிற்சியிலும் தேர்ச்சி பெற்றோரும் அவர்களிடையே உளர்.

இந்நாட்டில் இத்தொழிலை அவுஸ்திரேலியக் கைரோபிராக்டிக் சபை ஒழுங்குபடுத்துகின்றது. பதிவு பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்துதல் சட்டப்படி குற்றமாகும். கைரோபிராக்டர் தம் பெயருக்கு முன் "டொக்டர்" என இட்டுக்கொள்ளலாம். அதனால் அவர் மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் என்று கருதிவிடலாகாது. ஊரில் முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்த பழக்கத்தை நினைவிற்கொண்டு இதனையும் அதுபோன்றதெனச் சிலர் எண்ணுவர். அதுவும் பிழை. பதிவு பெற்ற கைரோபிராக்டர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர்; முன் பரிசோதனை செய்யவும், தம் எல்லைக்கு அப்பாற்பட்டதை மருத்துவரிடம் அனுப்பவும் கடமைப்பட்டவர்.

ஆய்வுகள் கூறுவன யாவை? உட்காதுப் படிகங்களால் வரும் சுழற்சிக்கு எப்லி முறை பயன் தருகின்றது என்பதற்குத் தகுந்த சான்றுண்டு. கழுத்தினால் வரும் தலைச்சுற்றுக்குக் கைச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. அவற்றுள் சில மெதுவான அசைவு முறையைப் பயன்படுத்தியவை. முதியோரின் பொதுவான தலைச்சுற்றையும் தள்ளாட்டத்தையும் முதுகெலும்பை உந்துவதன் மூலம் குணப்படுத்தலாம் என்பதற்கோ, வீழ்ச்சிகளை அதனால் தடுக்கலாம் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை.

கழுத்தை விரைவாக உந்துதலின் ஆபத்து

கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இரண்டு ஏறுகின்றன. கழுத்தை விரைவாகத் திருப்பிய பின் மிக அரிதாகத் தமனியின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. தமனி முன்னரே கிழிந்து, அதனால் எழுந்த கழுத்துவலிக்கே சிலர் சிகிச்சை நாடியிருக்கலாம் என்பதால் சிகிச்சைதான் காரணமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. நோயாளர் நோக்கில் இரண்டும் ஒரே பாடத்தையே புகட்டுகின்றன: புதிதாகத் தோன்றிய கழுத்துவலியும் தலைச்சுற்றும் சேர்ந்து வந்தால் முதலில் மருத்துவரே பரிசோதித்தல் வேண்டும்.

எலும்புத் தேய்வு நோய் உடையோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், முடக்குவாதத்தினால் கழுத்து மூட்டுகள் பாதிப்புற்றோர், முன்பு பாரிசவாதம் கண்டோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றோர் ஆகியோர் அதனை முதற் சந்திப்பிலேயே கைரோபிராக்டரிடம் கூறுதல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும், ஊரிலிருந்து கொண்டுவந்த சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, எடுத்துச் செல்லுதல் நன்று.

சம்மதம் நோயாளருக்கு உரியது

1992இல் ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் என்ற வழக்கில் அவுஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமாகிய ஹைகோர்ட் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. கண் அறுவைச் சிகிச்சை ஒன்றில் ஏறத்தாழ 14,000இல் ஒருவருக்கு நேரக்கூடிய ஆபத்தைக் கூட, அந்நோயாளர் அதனைப் பெரிதாகக் கருதக்கூடியவராயின், மருத்துவர் முன்கூட்டியே எடுத்துரைத்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. அரிதானது என்பதற்காக ஓர் ஆபத்தை மறைத்தல் ஆகாது என்பது அதன் சாரம். கைரோபிராக்டிக் சபையின் ஒழுக்கக் கோவையும், விளக்கமறிந்த சம்மதத்தைப் பெற்ற பின்னரே சிகிச்சை தொடங்க வேண்டும் என வலியுறுத்துகின்றது.

பெரியவர்கள் பலர் "அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகின்றது" என்று மரியாதையின் பொருட்டு வினவாது விடுகின்றனர். வினவுதல் அவமரியாதையன்று. பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

• என் தலைச்சுற்றுக்குக் காரணம் எதுவெனக் கருதுகின்றீர்கள்? எதைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தீர்கள்?
• கழுத்தை விரைவாக உந்துவீர்களா? அதன் ஆபத்து யாது? மெதுவான வேறு முறை உண்டா?
• எத்தனை சந்திப்பின் பின் பயனில்லையெனில் நிறுத்துவீர்கள்?
• முழுக் கட்டணம் எவ்வளவு? மெடிகெயார் திருப்பித் தருவது எவ்வளவு?
• என் குடும்ப மருத்துவருக்குக் கடிதம் எழுதுவீர்களா?

கழுத்தைத் தொடுவதற்குச் சம்மதமில்லையெனில் "கழுத்து வேண்டாம்" என்று கூறினால் போதும். கொடுத்த சம்மதத்தைச் சிகிச்சையின் நடுவிலும் மீளப் பெறலாம். பல மாதச் சந்திப்புகளுக்கு முற்பணம் செலுத்தும் ஒப்பந்தம் நீட்டப்பட்டால் அங்கேயே கையொப்பமிட வேண்டிய கட்டாயமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்து, பணம் மீளப் பெறும் நிபந்தனையை அறிந்த பின் முடிவெடுக்கலாம்.

ஐந்து சந்திப்புகளைச் செலவிடும் வகை

நீரிழிவு, மூட்டுவாதம் போன்ற நீடித்த நோய் உடையோருக்குக் குடும்ப மருத்துவர் நீடித்த நோய்ப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதலாம். 2025 யூலை 1 முதல் இத்திட்டம் புதிய வடிவில் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் பொதுவாக நாட்காட்டி ஆண்டொன்றுக்கு ஐந்து துணைச் சுகாதாரச் சந்திப்புகளுக்கு மெடிகெயார் பணம் தருகின்றது. கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட், பாத மருத்துவர், உணவியலாளர் ஆகிய அனைவருக்குமாகச் சேர்த்தே ஐந்து. ஒவ்வொருவருக்கும் ஐந்து அன்று.

ஐந்தையும் கழுத்துச் சிகிச்சையில் செலவிட்ட ஒருவருக்கு, பின்னர் காரணம் உட்காது என்றோ பாத நரம்பு என்றோ தெரியவந்தால், அவ்வாண்டில் எஞ்சியவற்றுக்குத் தம் பணத்தையே செலவிட நேரும். எனவே எவரிடம் எத்தனை சந்திப்பு என்பதைக் காரணம் அறிந்த பின் மருத்துவருடன் சேர்ந்து தீர்மானித்தல் சிறந்தது. நிலையத்தின் கட்டணம் மெடிகெயார் தரும் தொகையை விஞ்சினால் மேலதிகத் தொகையை நோயாளரே செலுத்துதல் வேண்டும். துணைச் சுகாதார நிலையங்களில் உரைபெயர்ப்பாளருக்கான கட்டணத்தை யார் ஏற்பார் என்பதையும் நேரம் பதியும்போதே கேட்டறிதல் வேண்டும்.

குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பெறக்கூடிய வேறு இரண்டு உண்டு. ஒன்று, 75 வயதைக் கடந்தோருக்கு மெடிகெயார் வழங்கும் வருடாந்த முழுச் சுகாதார மதிப்பீடு. மற்றையது, மருத்துவரின் பரிந்துரையின் பேரில் மருந்தாளர் வீட்டுக்கே வந்து அனைத்து மருந்துகளையும் ஆராயும் இலவசச் சேவை. பல மருந்துகளை ஒருங்கே உட்கொள்வோரின் தலைச்சுற்றுக்கான காரணம் இவ்வாராய்வில் வெளிப்படுவதுண்டு.

விழாதிருக்கப் பயன் தருபவை

108 ஆய்வுகளை ஒருங்குசேர்த்து மதிப்பிட்ட 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, தேகப்பயிற்சி முதியோரின் வீழ்ச்சிகளை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கின்றது எனக் கண்டது. சமநிலையைச் சோதிக்கும் பயிற்சிகளே இதில் முதன்மை பெறுகின்றன: கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுதல், சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்றல், பக்கவாட்டில் நடத்தல் போன்றவை. நடைப்பயிற்சி நல்லதெனினும் அது மட்டும் போதாது. முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் தமக்கேற்ற பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுதல் பாதுகாப்பானது.

நியூ சவுத் வேல்ஸில் 65 வயதைக் கடந்து, முன்பு விழுந்தோருக்கும் விழுவோமோ என அஞ்சுவோருக்கும் "ஸ்டெப்பிங் ஒன்" என்னும் இலவச வகுப்பு நடைபெறுகின்றது. வாரத்திற்கு இரண்டு மணி நேரமாக ஏழு வாரங்கள் அது நீடிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. கட்டிலிலிருந்து எழுமுன் சிறிது நேரம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருத்தல். ஆலயத்தில் விழுந்து வணங்கிய பின் எதையேனும் பற்றி மெதுவாக எழுதல். குளியலறையில் ஈரத்தை உடனே துடைத்தல். இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியவிடுதல். தளர்ந்த செருப்பையும் கால் தடுக்கும் சேலை, வேட்டிக் கரையையும் தவிர்த்தல். குளியலறைக் கைப்பிடிகள் முதலியவற்றுக்கு, 65 வயதைக் கடந்த தகுதியுடையோர் "மை ஏஜ்ட் கெயர்" மூலம் மதிப்பீடு கோரலாம்.

தொலைபேசி எண்கள்

• அவசர அம்புலன்ஸ்: 000
• மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவை, 24 மணி நேரமும்: 131 450. இதனை முதலில் அழைத்து "தமிழ்" எனக் கூறி, கீழுள்ள எண்களுள் தேவையானதைத் தந்தால் இணைப்பர்.
• ஹெல்த்டிரெக்ட், தாதியரின் ஆலோசனை, 24 மணி நேரமும்: 1800 022 222
• மை ஏஜ்ட் கெயர்: 1800 200 422
• ஒருவர் பதிவு பெற்றவரா என அறிய, அவுஸ்திரேலியச் சுகாதாரத் தொழிலர் ஒழுங்குமுறை முகமை: 1300 419 495
• சிகிச்சை தொடர்பான முறைப்பாடு, நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரப் பராமரிப்பு முறைப்பாட்டு ஆணைக்குழு: 1800 043 159. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

இக்கட்டுரை பொதுத் தகவலே. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று. தலைச்சுற்று உள்ளோர் முதலில் தம் குடும்ப மருத்துவரிடம் நேரம் பதிதல் வேண்டும். காரணம் தெரிந்த பின்னர் கைரோபிராக்டரிடம் செல்வதா, பிசியோதெரபிஸ்டிடம் செல்வதா, மருந்தை மாற்றினாலே போதுமா என்பதைத் தீர்மானித்தல் எளிதாகும்.